சர்க்கரை நோயும் பல் இடுக்கு பிரஷும்: சில வருட அனுபவம்

மருந்துக்கடையில் 'இன்டர்டென்டல் பிரஷ்' என்று கேட்டால் கிடைக்கும். மெல்லிய கம்பியைச் சுற்றிப் பொடிப் பொடியாக நார் வைத்து, பல் இடுக்கில் நுழைக்கத் தோதாகச் செய்திருப்பார்கள். சில வருடங்களாக ராத்திரி படுக்கும் முன் இதைப் பயன்படுத்துகிறேன். எனக்கு டைப் 2 சர்க்கரை இருக்கிறது. இதை எழுதுவதற்கு அதுதான் காரணம்.

சர்க்கரை என்று தெரிந்ததும் கண்ணைப் பார், கிட்னியைப் பார், காலைப் பார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஈறைப் பார் என்று சொன்னவர் எனக்கு ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுப்பது) செய்த பல் டாக்டர் அம்மா ஒருவர்தான். சர்க்கரை கூடினால் ஈறு நோய் சுலபமாகப் பிடிக்கும், ஆறவும் நாளாகும். ஈறு நாள்பட வீங்கியே கிடந்தால், அந்த அழற்சியில் உண்டாகும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. இப்படி ஒன்றையொன்று வளர்த்துக்கொண்டே போகும். ஈறு நோய்க்கு முறையாகச் சிகிச்சை எடுத்த சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) சராசரியாக 0.43 புள்ளி குறைந்திருந்ததை காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2022-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு காட்டுகிறது. 8-ல் இருப்பவர் 7.6 பக்கம் வருவது சின்ன விஷயமில்லை.

அது பல் மருத்துவர் செய்த சிகிச்சையின் பலன். பிரஷ் மட்டும் அதைத் தராது. கெட்டியாகிப் போன காரையை எந்த பிரஷாலும் எடுக்க முடியாது, அதற்கு ஸ்கேலிங்தான். ஆனால் சுத்தம் செய்த ஈறில் அன்றே மறுபடி படலம் படியத் தொடங்கிவிடும். இரண்டு பல்லுக்கு நடுவில் சாதாரண பிரஷ் போகவே போகாது, ஈறு நோய் பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான்.

ஆரம்பத்தில் ரத்தம் வந்தது. பயந்து நிறுத்த வேண்டாம், வீங்கிய ஈறில் அப்படித்தான் வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். தொடர்ந்து செய்யச் செய்யக் குறைந்து, பிறகு நின்றுவிட்டது. காலையில் எழுந்ததும் இருந்த வாய் நாற்றமும் போனது. என் எச்பிஏ1சி-யும் இறங்கியிருக்கிறது. மாத்திரையும் நடையும் கூடவே இருப்பதால் எது எவ்வளவு குறைத்தது என்று பிரித்துச் சொல்ல மாட்டேன்.

குறைகளும் உண்டு. கம்பி சீக்கிரம் வளைந்துவிடுகிறது. கடைவாய்ப் பல்லுக்குக் கைப்பிடி நீளமானதாகப் பார்த்து வாங்க வேண்டும். எல்லா இடுக்குக்கும் ஒரே அளவு சரிவராது, எனக்கு இரண்டு அளவு தேவைப்படுகிறது. இறுக்கமான இடத்தில் திணித்தால் ஈறு கிழியும், அங்கெல்லாம் ஃப்ளாஸ் நூல்தான். ஊக்கால் குத்துகிற பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

இருந்தாலும் இதை நான் விடப்போவதில்லை. சர்க்கரை உள்ளவர்கள் வாங்கும் முன் பல் மருத்துவரிடம் ஒருமுறை ஈறுப் பையின் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவில் உள்ள இடைவெளி) ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். 3 மில்லிமீட்டர் வரை இயல்பு. அதற்கு மேல் போயிருந்தால் முதலில் சிகிச்சை, பிறகு பிரஷ். எந்த அளவு பிரஷ் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.