ஜிபிஎஸ் இல்லாமல் ஓட்டிப் பழகுங்கள்: ட்ரோன் சிமுலேட்டர், இரண்டு ஆண்டுப் பயன்பாடு

வைகாசி கடைசியில் செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்க ஆரம்பித்துவிட்டால், புரட்டாசி வரை நெல்லைச் சீமையில் ட்ரோன் பழகத் தோதான நேரம் விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான். பணகுடி, ராதாபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதே அந்தக் காற்றை நம்பித்தான். அந்த நாலு மாதமும் கைப்பழக்கம் விட்டுப்போகாமல் காப்பது, கணினித் திரையில் ட்ரோன் ஓட்டிப் பழகும் சிமுலேட்டர். ஆனால் பலரும் அதில் பழகுவது தப்பான பாடத்தை.

முதலில் மென்பொருள். கண்ணாடி மாட்டிப் பந்தய ட்ரோன் ஓட்ட நினைப்பவருக்கு வெலோசிட்ரோன், லிஃப்ட்ஆஃப் இரண்டுமே நல்லவை. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பழைய லேப்டாப் என்றால் எஃப்பிவி ஃப்ரீரைடர் போதும். வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனை ஓட்டப் போகிறவர்களுக்கு ரியல்ஃப்ளைட்டையே சொல்வோம். தரையில் நின்று பார்க்கும் கோணம் அதில் இயல்பாக இருக்கிறது. காற்றின் வேகம், திசை, குலுக்கல் மூன்றையும் நாமே வைத்துக்கொள்ளலாம்.

கீபோர்டிலும் வீடியோ கேம் பேடிலும் பழகவே வேண்டாம். அவற்றின் குட்டி ஸ்டிக்கில் பழகிய விரல் நிஜ ரிமோட்டில் அளவு தெரியாமல் தடுமாறும். எட்ஜ்டிஎக்ஸ் என்ற ரிமோட் மென்பொருள் ஓடும் ரேடியோமாஸ்டர் பாக்கெட், பாக்ஸர் போன்ற ரிமோட்டுகளை யூஎஸ்பியில் செருகி ‘ஜாய்ஸ்டிக்’ என்று தேர்ந்தெடுத்தால் கணினி உடனே அடையாளம் காணும். காணாவிட்டால் முதலில் வயரைச் சந்தேகப்படுங்கள். சார்ஜ் மட்டும் ஏறும் வயர்கள் கடைகளில் நிறைய. ரிமோட்டில் சிமுலேட்டருக்கென்று தனி மாடல் ஒன்று உருவாக்கி, அதில் உள் ஆர்எஃப்-ஐ (ரேடியோ அலை அனுப்பும் பகுதியை) அணைத்துவிடுங்கள். வீணாக அலை பரப்பாது, பேட்டரியும் தாங்கும். ஸ்டிக் அமைப்பு மோட் 2 என்றால் இடது ஸ்டிக்கில் த்ராட்டிலும் (ஏற்ற இறக்கம்) யாவும் (மூக்கைத் திருப்புவது), வலதில் பிட்சும் (முன்பின்) ரோலும் (இடவலம்) இருக்கும். பயிற்சிப் பள்ளியில் எந்த மோடில் சொல்லித்தருகிறார்களோ அதிலேயே வீட்டிலும் பழக வேண்டும்.

த்ராட்டிலில் இன்னொரு வித்தியாசம் உண்டு. பந்தய ரிமோட்டில் விட்ட இடத்திலேயே நிற்கும். மருந்து ட்ரோன் ரிமோட்டில் கையை எடுத்தால் ஸ்பிரிங் நடுவுக்கு இழுத்துக்கொள்ளும், ட்ரோன் அதே உயரத்தில் நிற்கும். சில ரிமோட்டுகளில் ஸ்பிரிங்கை மாற்றிக்கொள்ள வசதி இருக்கிறது.

ட்ரோன் தானாக இடது பக்கம் நகர்ந்துகொண்டே இருந்தால் மென்பொருளைத் திட்டாதீர்கள். கேலிப்ரேஷன், அதாவது ஸ்டிக்கின் நடுவையும் எல்லைகளையும் பதிவு செய்வது, சரியில்லை என்று அர்த்தம். முதலில் ரிமோட்டுக்குள்ளே, பிறகு சிமுலேட்டரில் என்று இரண்டு இடத்திலும் செய்ய வேண்டும். ஸ்டிக்குகளை நடுவில் விட்டு உறுதி செய்து, பிறகு நாலு மூலைக்கும் முழுதாகச் சுற்றவும். கடைசியில் ஒவ்வொன்றும் -100 முதல் +100 வரை போகிறதா என்று பாருங்கள்.

படம் நொடிக்கு 60 ஃப்ரேமுக்குக் குறைந்தால் கை கொடுத்த அசைவு தாமதமாகத் திரைக்கு வரும். ஓட்டுபவர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொடுப்பார், ட்ரோன் ஊஞ்சலாடும். நிழல், புல், மரம் எல்லாவற்றையும் குறைத்து 1280×720-க்கு இறக்கிவிடுங்கள். லேப்டாப்பைச் சார்ஜரில் செருகியே ஓட்டுங்கள். சித்திரை வெயிலில் மச்சு அறையில் உட்கார்ந்தால் சூடேறித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

இனி முக்கியமான விஷயம். நிஜ ட்ரோன் அந்தரத்தில் அசையாமல் நிற்பது பைலட்டின் திறமை இல்லை, ஜிபிஎஸ்ஸின் வேலை. ஈ.பி. கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், தகரக் கூரை பக்கத்தில் காம்பஸ் குழம்பினாலோ, சாட்டிலைட் எண்ணிக்கை குறைந்தாலோ ட்ரோன் ஆட்டி மோடுக்குப் போய்விடும். உயரம் மட்டும் நிற்கும், காற்று தள்ளும் பக்கம் வழுக்கிக்கொண்டே போகும். ஜிபிஎஸ்ஸோடு மட்டும் பழகியவர் கை உறைந்து நிற்பது அந்த நேரத்தில்தான். அதனால் சிமுலேட்டரில், ஸ்டிக்கை விட்டால் ட்ரோன் தானே மட்டமாகும் ஆங்கிள் மோடு வைத்து, இடத்தைப் பிடித்துவைக்கும் உதவியை அணைத்து, மேற்கிலிருந்து நொடிக்கு 3 மீட்டர் காற்றைக் கொடுங்கள். ட்ரோனின் வால் நம்மைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் ஒரே இடத்தில் நிறுத்துங்கள். அது கைவந்தால் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம், கடைசியில் மூக்கு நம்மைப் பார்த்தபடி.

மூக்கு நம் பக்கம் திரும்பியதும் இடம் வலமாகும், வலம் இடமாகும். யோசித்து ஓட்ட நேரம் இருக்காது. ட்ரோன் எந்தப் பக்கம் வழுக்குகிறதோ அந்தப் பக்கமே ரோல் ஸ்டிக்கைத் தள்ளினால் நிற்கும். விரலுக்கு இது தெரிந்த பிறகு சதுரம், எட்டு, கடைசியாக வரப்பை ஒட்டிப் போய்த் திரும்பும் நேர்கோடு. ஒரேயடியாக இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடக் காலையில் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம் என்று பிரித்துப் பழகினால் நன்றாகப் பதிகிறது.

ட்ரோன் தானே மட்டமாகாத ஆக்ரோ மோடு பழகுகிறவர்கள் கேமரா சாய்வை 10 முதல் 15 டிகிரியில் தொடங்கட்டும். சுழற்சி வேகத்தையும் நொடிக்கு 400 டிகிரி அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம்.

சிமுலேட்டர் வளர்க்கும் கெட்ட பழக்கம், விழுந்ததும் ரீசெட் பட்டனைத் தட்டுவது. நிஜத்தில் விழுந்த ட்ரோனின் இறக்கை மண்ணில் சிக்கி மோட்டார் திணறும்போது த்ராட்டில் கொடுத்தால் மோட்டாரோ, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சியோ கருகும். ஒவ்வொரு முறை விழும்போதும் முதலில் மோட்டாரை நிறுத்தும் டிஸ்ஆர்ம் சுவிட்ச், பிறகுதான் ரீசெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரக் கணிப்பும் திரையில் வராது. பனை மரத்துக்கு முன்னால் பறக்கிறதா பின்னால் பறக்கிறதா என்பதை வயலில் நின்றுதான் கற்க வேண்டும். 10 லிட்டர் தொட்டி காலியாகும்போது ஏறத்தாழ 10 கிலோ எடை குறைவதும், உள்ளே மருந்து அலம்பி ட்ரோனை ஆட்டுவதும் அப்படித்தான்.

சிமுலேட்டரில் எத்தனை மணி நேரம் ஓட்டியிருந்தாலும் அது சான்றிதழ் ஆகாது. 2021 ட்ரோன் விதிகளின்படி மருந்து ட்ரோனுக்கு, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனம் வழியாக ரிமோட் பைலட் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். கூடங்குளம் அணுமின் நிலையம், மகேந்திரகிரி இஸ்ரோ மையம், விஜயநாராயணம் கடற்படைத் தளம் எல்லாம் இருக்கிற மாவட்டம் இது. எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று நிறத்தில் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்க்காமல் ட்ரோனைக் கிளப்பக் கூடாது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகக் காட்டுப் பக்கம் எடுத்தே போகாதீர்கள்.

முதல் நிஜப் பறப்புக்குக் கார் அறுப்பு முடிந்து காய்ந்து கிடக்கும் தாள் வயலைத் தேர்ந்தெடுங்கள். தொட்டியில் எதுவும் வேண்டாம், காலை ஏழு மணிக்குள் முடித்துவிடுங்கள். ஜிபிஎஸ் மோடில் ஏற்றி, ஆள் உயரத்துக்கு மேல் மூன்று மீட்டர் போனதும், பயிற்றுநர் பக்கத்தில் நிற்க ஆட்டி மோடுக்கு மாற்றி அரை நிமிடம் நிறுத்திப் பாருங்கள்.