எல்எஸ்டி டிஃபரன்ஷலுக்கு எந்த ஒயில்: நான்கு போத்தல்களும் ஒரு பரலும்

சென்ற வருடம் என் பழைய ஹைலக்ஸ் டபுள் கெப்பின் பின் டிஃபரன்ஷலுக்கு (எஞ்சினின் இழுவையை இரண்டு பின் சில்லுகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சில்லுக் கூடு) ஒயில் மாற்றக் கொடுத்தேன். அது எல்எஸ்டி, அதாவது லிமிற்றட் ஸ்லிப் டிஃபரன்ஷல்: ஒரு சில்லு வழுக்கிச் சுற்றினாலும் மற்றச் சில்லுக்கும் இழுவை கொடுக்கும் வகை. கராஜில் பரலில் கிடந்த '90 ஒயிலை' ஊற்றித் தந்தார்கள். வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே பின்னுக்கிருந்து கடகடவென்று ஓர் உதறல். நேராக ஓடினால் ஒன்றுமில்லை. ஸ்ரியறிங்கை முழுக்க ஒடித்து மெல்லத் திருப்பினால் மட்டும், பின் அச்சை யாரோ பிடித்து உலுப்புவதுபோல இருந்தது. திரும்பப் போய்க் கேட்டேன். "உள்ளுக்குத் தேஞ்சு போச்சு அண்ணை, கழட்டித்தான் பாக்கவேணும்" என்றார்கள். நான் கழட்ட விடவில்லை. ஒயிலை மட்டும் மாற்றினேன், உதறல் நின்றுவிட்டது.

அந்த நாட்களில் தேடிப் படித்ததையும் கையால் செய்து பார்த்ததையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. திறந்த பிறகும் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. ஆகவே யாழ்ப்பாணத்தில் நம்மில் பலர் ஓட்டுவது இருபது முப்பது வருடப் பழசுகள்தான். அதில் ஒரு எல்எஸ்டி பழுதானால், அதற்குள் இருக்கும் பிளேற்றுகளுக்குப் (தகடுகளுக்கு) புதுச் செற் தேடி அலைவதைவிட சரியான ஒயிலைத் தேடி அலைவது லேசு.

முதலில், உங்கள் வாகனத்தில் இருப்பது எல்எஸ்டிதானா? சில ஜப்பான் வாகனங்களில் டிஃபரன்ஷல் கூட்டிலேயே 'எல்எஸ்டி ஒயில் மட்டும்' என்று ஒட்டியிருக்கும். முப்பது வருட மண்ணுக்கும் தார்க்கும் பிறகு அந்த ஸ்ரிக்கர் எங்கே இருக்கப்போகிறது? ஆகவே சில்லைச் சுழற்றிப் பாருங்கள். முன் சில்லுகளுக்கு அடை வைத்து, இரண்டு பின் சில்லுகளையும் ஜக் போட்டுத் தூக்கி, தாங்கிகளில் இருத்தி, எஞ்சின் நிறுத்தி, கியரை நியூற்றலில் விட்டு, ஹாண்ட் பிறேக்கையும் எடுத்துவிட்டு ஒரு சில்லைக் கையால் சுழற்றுங்கள். மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷல், அதே பக்கம் சுற்றினால் எல்எஸ்டி. பிளேற் நன்றாகத் தேய்ந்த எல்எஸ்டியும் எதிர்ப்பக்கம் சுற்றி ஏமாற்றக்கூடும். ஒரு சில்லை மட்டும் தூக்கிவிட்டு எஞ்சினைப் போட்டு கியரில் விட்டுப் பார்க்க வேண்டாம். எல்எஸ்டியாக இருந்தால் நிலத்தில் நிற்கிற சில்லுக்கும் இழுவை போகும், வாகனம் ஜக்கிலிருந்து பாய்ந்துவிடும்.

மச்சான் தன்னுடைய டொல்பின் வானும் எல்எஸ்டி என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சில்லைச் சுழற்றிப் பார்த்தோம். எதிர்ப்பக்கம் சுற்றியது. "இது தேஞ்ச எல்எஸ்டி" என்று இன்னமும் சொல்கிறார்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்க்கவேண்டும். இது விளங்கினால் போத்தலில் எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் தானாக விளங்கும். டிஃபரன்ஷலுக்குள் கிறவுண் என்ற பெரிய பற்சில்லும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சின்னப் பற்சில்லும் இருக்கின்றன. பினியன் கிறவுணின் நடுவில் பிடிக்காமல் கொஞ்சம் தள்ளி நின்று பிடிக்கிறது. அதனால் பற்கள் உருளுவதோடு ஒன்றன்மேல் ஒன்று வழுக்கியும் அரைக்கின்றன. அந்த அழுத்தத்தில் வெறும் ஒயில் படலம் பிய்ந்துபோகும். அதற்காகவே ஜிஎல்-5 தர ஒயிலில் (ஜிஎல் என்பது கியர் ஒயிலின் தர எண்) கந்தகமும் பொசுபரசும் சேர்ந்த மருந்து கலக்கிறார்கள். சூட்டில் அது இரும்போடு சேர்ந்து மெல்லிய தோலாகி, பல்லுக்குப் பதிலாகத் தான் தேய்ந்துபோகிறது. கியர் ஒயிலின் அந்த நாற்றம் இந்தக் கந்தகத்தின் வேலைதான்.

பிளேற் வகை எல்எஸ்டிக்குள் இதற்கு மேலதிகமாக ஒரு பிளேற் அடுக்கு இருக்கிறது. அந்தப் பிளேற்றுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டும் இருக்கவேண்டும், வளைவில் மெல்ல வழுக்கியும் கொடுக்கவேண்டும். அசையாமல் இருக்கும்போது உள்ள பிடி, அசையும்போது உள்ள பிடியைவிடக் கூடினால் அவை ஒட்டும், விடும், ஒட்டும், விடும். என் ஒழுங்கையில் நான் கேட்ட உதறல் அதுதான். இதைச் சரிசெய்யத்தான் உராய்வைத் திருத்தும் மருந்து. நீளமான மூலக்கூறுகள், ஒரு முனை உலோகத்தில் ஒட்டிக்கொள்ள, மறுமுனை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிடி சடாரென்று விடாமல் இழைந்து விடும். போத்தலில் 'எல்எஸ்' என்றோ 'லிமிற்றட் ஸ்லிப்' என்றோ போட்டிருந்தால் இந்த மருந்து உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். மினரலா (நில எண்ணெயிலிருந்து வடித்தது) சின்தெற்றிக்கா (ஆலையில் செயற்கையாகச் செய்தது) என்ற கேள்வி இதற்குப் பிறகுதான் வரும்.

பரல் ஒயிலில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. '90' என்பது தடிப்பு மட்டும். அது ஜிஎல்-4ஆ ஜிஎல்-5ஆ என்று கேட்டால் பதில் வராத இடத்தில் வாங்க வேண்டாம்.

இரண்டாவது தெரிவு, சாதாரண ஜிஎல்-5 சின்தெற்றிக் ஒன்றை வாங்கி, உராய்வு மருந்தைத் தனிச் சிறு போத்தலாக வாங்கிக் கலப்பது. அமெரிக்க வாகனக் கொம்பனிகள் விற்கும் மருந்துப் போத்தல் வழக்கமாக நாலு அவுன்ஸ், அதாவது 118 மில்லிலீற்றர் அளவில் வரும். இதன் வசதி, அளவு உங்கள் கையில் இருப்பது. கொஞ்சம் விட்டு ஓடிப்பார்த்து, உதறல் இருந்தால் இன்னும் கொஞ்சம் விடலாம். ஆபத்தும் அதே இடத்தில்தான். பயத்தில் முழுப் போத்தலையும் கவிழ்த்தால் பிளேற் பிடியே இல்லாமல் வழுக்கும். மணற்காட்டு மணலில் ஒரு சில்லு மட்டும் சுற்றிப் புதையும்போதுதான் எல்எஸ்டி இல்லாமற் போனது தெரியவரும். ரெட் லைன் கொம்பனி 75டபிள்யூ-90 (இது தடிப்பு எண், கீழே சொல்கிறேன்) ஒயிலை இரண்டாக விற்கிறது: சாதாரணத்தில் மருந்து உண்டு, பெயருக்குப் பின் 'என்எஸ்' போட்டதில் இல்லை. பந்தய ஓட்டுநர்கள் பிடி கூடுதலாக வேண்டுமென்று என்எஸ் எடுப்பார்கள். வெங்காய மூட்டை ஏற்றுகிற நமக்கு அந்த விளையாட்டு வேண்டாம்.

மூன்றாவது, மினரல் 85டபிள்யூ-90 எல்எஸ்டி ஒயில். பழைய ஜப்பான் பிக்கப்புகளின் கைநூல்கள் பெரும்பாலும் இந்த இனத்தைத்தான் கேட்டன. இதை மட்டமாக நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். தடிப்பு எண்ணில் டபிள்யூ எழுத்துக்கு முன் வருவது குளிர் எண், பின் வருவது சூட்டில் உள்ள தடிப்பு. 75டபிள்யூ என்றால் மைனஸ் 40 பாகையில் சோதித்தது, 80டபிள்யூ மைனஸ் 26இல், 85டபிள்யூ மைனஸ் 12இல். யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனியில் விடிய எழும்பினாலும் இருபது பாகைக்குக் கிட்டத்தான் நிற்கும். மைனஸ் 40இல் இளகுகிற ஒயிலுக்குக் காசு கொடுத்து அந்தக் குணத்தை நாம் ஒருநாளும் பாவிக்கப்போவதில்லை. நுவரெலியாவுக்குப் போய் ஒரு கிழமை நின்றாலும் இதே கதைதான். ஊருக்குள் ஓட்டம், இடைக்கிடை கொடிகாமம் சந்தை, வருடத்தில் ஒரு தடவை கொழும்பு என்றால் மினரல் எல்எஸ்டி ஒயிலை ஊற்றி 20,000 கிலோமீற்றரில் மாற்றிவிடுங்கள். விலையுயர்ந்ததை ஊற்றி 60,000 வரை மறந்துவிடுவதை விட இது மேல் என்பது என் எண்ணம்.

அப்படியானால் சின்தெற்றிக் எதற்கு? சூட்டிற்கு. ஒயில் சூடாகும்போது தடிப்புக் குறையும். சின்தெற்றிக்கில் அந்தச் சரிவு மெதுவாக நடக்கும், சூட்டில் கெட்டுப்போவதும் தாமதமாகும். ஏ9இல் முழுப் பாரத்தோடு தம்புள்ளைக்கு மூன்று நாலு மணிநேரம் நிறுத்தாமல் இழுப்பவருக்கு இது உதவும். மொபில் 1 எல்எஸ் 75டபிள்யூ-90, மோட்டுல் கியர் 300 எல்எஸ் 75டபிள்யூ-90 போன்றவை மருந்து கலந்தே வருகிற போத்தல்கள், தனியாக ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை. மோட்டுலில் கவனம்: 'எல்எஸ்' இல்லாத கியர் 300உம் இருக்கிறது. போத்தல்கள் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும், கடைக்காரத் தம்பி அவசரத்தில் எட்டி எடுத்துத் தருவது எதுவோ தெரியாது.

பழைய வாகனத்தில் 75டபிள்யூ-90க்கு இரண்டு குறைகள் கண்டேன். ஒன்று, இறுகிப்போன பழைய சீல்கள் கசியத் தொடங்குகின்றன. சின்தெற்றிக் சீலைத் தின்னுவதாகக் கதைப்பார்கள். சீல் முன்பே வெடித்திருந்ததை இளகிய ஒயில் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். மற்றது, பல் தேய்ந்த டிஃபரன்ஷலில் மினரலில் அமுங்கிக் கிடந்த ஊளைச் சத்தம் கொஞ்சம் மேலே வருகிறது.

இதற்குப் பதில்தான் கடைசிப் போத்தல், 75டபிள்யூ-140 எல்எஸ். '140' என்றதும் தார்போல இருக்கும் என்று பயப்படுவார்கள். 40 பாகையில் அளந்தால் ஒரு வழக்கமான 75டபிள்யூ-140 சின்தெற்றிக்கும் 85டபிள்யூ-90 மினரலும் ஏறத்தாழ ஒரே தடிப்பு. வித்தியாசம் 100 பாகையில் வருகிறது: 90 இனம் பதினைந்து, பதினாறு சென்ரிஸ்ரோக் (தடிப்பை அளக்கும் அலகு) என்று நிற்க, 140 இனம் 24க்கு மேல் நிற்கும். காலையில் எடுக்கும்போது பழகிய ஒயில் மாதிரி, பாரத்தில் சூடேறும்போது மற்றதைவிடத் தடித்த ஒயில். ட்ரெயிலர் இழுப்பவருக்கும், மருதங்கேணி, சுண்டிக்குளம் பக்கம் மணலில் பாரத்தோடு உழக்குபவருக்கும் நான் சொல்வது இதுதான். வெறும் வாகனமாக ஊருக்குள் ஓட்டுபவருக்கு இது கொஞ்சம் டீசலைத் தின்னும், பலன் ஒன்றும் தராது.

கடற்கரைக்கும் களப்புக்கும் இறங்குபவர்களுக்கு வேறு ஒரு பிரச்சினை. சூடான டிஃபரன்ஷல் சட்டென்று தண்ணீரில் தாழ்ந்தால் உள்ளே காற்றுச் சுருங்கி, மூச்சுக்குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். மூச்சுக்குழாயில் மண் அடைத்திருந்தால் சீல்தான் வழி. பிறகு ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வரும். அந்த நிறம் கண்டால் போத்தல் எவ்வளவு விலை என்று பாராமல் அன்றைக்கே மாற்றவேண்டும், அதுவும் உப்புத் தண்ணீரென்றால் பேச்சே இல்லை. சின்தெற்றிக்குகளுக்குள்ளும் எஸ்ரர் என்ற இரசாயனச் சேர்மத்தின் அடிப்படையில் செய்தவை தண்ணீரோடு சேர்ந்து மெல்லச் சிதையக்கூடியவை. அடிக்கடி தண்ணீரில் இறங்குபவருக்கு இங்கே மினரல்தான் என் தெரிவு. மனம் நோகாமல் வடித்து ஊற்றலாம்.

எல்எஸ்டியிலேயே டோர்சன் போன்ற பற்சில்லு வகைக்கும், தடித்த சிலிக்கோன் திரவம் அடைத்த விஸ்கஸ் வகைக்கும் மேலே சொன்ன உராய்வு மருந்து பொதுவாகத் தேவையில்லை, கைநூல் சொல்கிற ஜிஎல்-5 போதும். மிஞ்சிய எல்எஸ் ஒயிலை கியர்பொக்ஸுக்குள் ஊற்றவும் வேண்டாம். அங்கே கியரை இணைக்கிற பித்தளை வளையங்களுக்குப் பிடி வேண்டும், ஜிஎல்-5இன் கந்தகமும் பித்தளைக்கு ஆகாது. சாதாரண டிஃபரன்ஷலுக்குள் எல்எஸ் ஒயில் போனால் பாதகமில்லை. மச்சானின் வானுக்கு அப்படித்தான் போனது.

நான் கடைசியில் எடுத்தது 75டபிள்யூ-140 எல்எஸ். மாதத்தில் இரண்டு தடவை தம்புள்ளை ஓட்டம் இருப்பதால் அந்த முடிவு. மேல் தக்கையை முதலில் கழட்டினேன். கீழ்த் தக்கையைக் கழட்டி வடித்த பிறகு மேல் தக்கை அசையாது என்று கண்டால் வாகனம் அந்த இடத்திலேயே கிடக்கவேண்டியதுதான். பழைய ரொயோட்டாக்களில் 24 மில்லிமீற்றர் சாவி பிடிக்கும். சூட்டோடு முழுக்க வடிய விட்டு, மேல் துவாரத்தின் விளிம்பில் ஒயில் வழியும்வரை ஊற்றி மூடினேன்.

ஊற்றிய கையோடு உதறல் போகவில்லை. பழைய ஒயில் பிளேற்றுகளுக்கு இடையில் இன்னும் ஒட்டியிருக்கும், புதியது உள்ளே போக வளைந்து வளைந்து ஓடவேண்டும். பின்னேரம் வல்லை வெளிக்குக் கொண்டுபோய், றோட்டை விட்டு இறங்கி, எட்டு எழுத்துப் போல மெல்ல மெல்லப் பத்துப் பன்னிரண்டு சுற்று ஓட்டினேன். ஏழாவது எட்டில் சத்தம் குறைந்தது, பத்தாவதில் இல்லை. சைக்கிளில் போன ஐயா ஒருவர் நின்று கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, லைசன்சுக்குப் பழகுறீரோ?" என்று கேட்டார்.