தூரிகையா, தாளமா, அசைவா: உளக்காயத்துக்கு எது, எப்போது?

"என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று கேட்டதும் வாயடைத்துப் போகிறவர்கள் உண்டு. மறைக்கிறார்கள் என்று பொருளில்லை; சொல் வரவில்லை, அவ்வளவுதான். 1996இல் அமெரிக்க மனநல மருத்துவர் ஸ்காட் ராச் குழுவினர், பி.டி.எஸ்.டி. (போர், வன்முறை போன்ற அதிர்ச்சி விட்டுச்சென்ற உளக்காயம் நோயாக நிலைப்பது) உள்ள எட்டுப் பேருக்கு அவரவர் அனுபவத்தையே எழுதி, ஒலிப்பதிவாகப் போட்டுக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். பேச்சை உருவாக்கும் ப்ரோகா பகுதியில் இயக்கம் குறைந்திருந்தது. எட்டுப் பேரை வைத்துக்கொண்டு கோட்டை கட்டக் கூடாதுதான். ஆனாலும் பாதிக்கப்பட்டவர்கள் காலங்காலமாகச் சொல்லிவரும் "தொண்டையை அடைக்கிறது" என்பதோடு அது ஒத்துப்போகிறது.

பேச்சு அடைபட்டவருக்கு வேறு வாசல் வேண்டும் என்பதே கலைவழிச் சிகிச்சைகளின் வாதம். ஓவியம், இசை, நடன அசைவு, நாடகம், எழுத்து, யோகா எனப் பல வாசல்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஆர்ட் தெரபி நல்லது" என்று சொல்லிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒருவருக்குக் கைகொடுப்பது இன்னொருவரைக் கவிழ்த்துவிடலாம். நான் இவற்றை இரண்டு கேள்விகளால் அளக்கிறேன். சம்பவத்துக்கும் ஆளுக்கும் நடுவே இது எவ்வளவு தூரம் விடுகிறது? போதும் என்று தோன்றினால் எவ்வளவு சீக்கிரம் நிறுத்த முடியும்?

ஓவியத்துக்கு இரண்டிலும் நல்ல மதிப்பெண். மனதில் இருப்பது தாளுக்குப் போய்விடுகிறது. தாளைத் திருப்பிப் போடலாம், கிழிக்கலாம், அலமாரியில் பூட்டிவைத்து அடுத்த வாரம் எடுக்கலாம். வரைந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை. 1942இல் "ஆர்ட் தெரபி" என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர், அதற்குச் சில ஆண்டுகள் முன்பு தானே காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்த நோயாளி. நாற்பதுகளில் நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ், அடைபட்ட குழந்தைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். 1944இல் அவர் ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோரும் பிழைக்கவில்லை. சுமார் 4,500 ஓவியங்கள் மட்டும் இரண்டு பெட்டிகளில் தப்பின. முகாமுக்கு முன்பே டிக்கர்-பிராண்டைஸிடம் படித்த எடித் கிராமர் பின்னாளில் அமெரிக்காவில் ஓவிய சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரானார். இத்துறையின் வேர் இப்படிப்பட்ட மண்ணில் இருக்கிறது. "கலரிங் புக் வாங்கினேன், மனசு லேசாச்சு" என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதுவும் நல்லதுதான், ஆனால் அது வேறு.

வாஷிங்டன் அருகே உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் போரிலிருந்து திரும்பியவர்கள் முகமூடி செய்கிறார்கள். பிளந்த மண்டை, தைக்கப்பட்ட வாய், பாதி முகத்தில் தேசியக்கொடி. மேஜையில் வைத்த அந்த முகத்தைச் சுட்டி "இவன்தான்" என்று சொல்வது, "நான்தான்" என்று சொல்வதைவிட எளிது. ஓவியம் தரும் தூரம் என்று நான் சொல்வது இதைத்தான்.

ஓவியத்தின் குறையும் அங்கேயே இருக்கிறது. தூரம் தருவது சில நேரம் தப்பி ஓடவும் வழி விடும். மாதக்கணக்கில் அழகழகாக வரைந்துகொண்டே, உடம்பில் எதுவும் மாறாமல் இருக்க முடியும். கதவு அடித்தால் துள்ளி எழுவது, தோள் எப்போதும் காதுவரை ஏறியே இருப்பது, யாராவது பின்னால் வந்தால் மூச்சு நிற்பது: இவையெல்லாம் தாளில் இல்லை, சதையில் இருக்கின்றன.

அசைவு சிகிச்சை இந்தச் சதையோடு நேராகப் பேசுகிறது. மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் 1942இல் வாஷிங்டனின் செயின்ட் எலிசபெத் மனநல மருத்துவமனையில் நோயாளிகளோடு வேலை செய்யத் தொடங்கினார். வட்டமாக நிற்க வைத்து, ஒருவர் விரலை லேசாக ஆட்டினால் அந்த ஆட்டத்தையே தானும் ஆடிக் காட்டுவார். "உன்னைப் பார்த்துவிட்டேன்" என்று வாய் திறக்காமல் சொல்லும் வழி அது. 1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் உருவானபோது அவரே முதல் தலைவர். ஆள்கடத்தலிலிருந்து மீண்ட பெண்களோடு இதே வழியில் கொல்கத்தா சன்வேத் என்ற தொண்டு நிறுவனம் 2004 முதல் வேலை செய்கிறது. தன் உடம்பே தன்னுடையதில்லை என்று ஆக்கப்பட்டவருக்கு, கையை எப்போது நீட்டுவது, எப்போது மடக்குவது என்பதைத் தானே முடிவுசெய்வது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் தாளைப் போல உடம்பைத் திருப்பிப் போட்டுவிட்டு எழுந்து போக முடியாது. அசைவின் பலமும் ஆபத்தும் இதுதான். தரையில் படுப்பது, இடுப்பை அசைப்பது, கண்ணை மூடுவது, ஏன் ஆழமாக மூச்சிழுப்பதேகூட பழைய சம்பவத்தை அப்படியே கொண்டுவந்து நிறுத்திவிடலாம். "கண்ணை மூடிக்கொள்ளுங்கள்" என்று கட்டாயப்படுத்துகிற வகுப்பிலிருந்து வெளியே வந்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

இதைப் புரிந்துகொண்டு வடிவமைக்கப்பட்டதுதான் உளக்காயத்துக்கான யோகா. ஆசிரியர் யாரையும் தொட்டுத் திருத்த மாட்டார். "செய்யுங்கள்" என்பதற்குப் பதில் "விருப்பமிருந்தால் செய்து பார்க்கலாம்" என்பார். அமெரிக்க மனநல மருத்துவர் வான் டெர் கோல்க் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத பி.டி.எஸ்.டி. உள்ள 64 பெண்கள் இருந்தார்கள். வாரம் ஒரு மணி நேரம், பத்து வாரம். முடிவில் யோகா குழுவில் மதிப்பிடப்பட்ட 31 பேரில் 16 பேர் அந்த நோயின் வரையறைக்குள் வரவில்லை. உடல்நல வகுப்பு மட்டும் கேட்ட குழுவில் 29 பேரில் 6 பேர். ஆடத் தயங்குகிற ஒருவருக்கு, நடனத்துக்கு முன்னால் இதைத்தான் நான் வைப்பேன்.

இசை, ஓவியத்துக்கும் அசைவுக்கும் நடுவில் நிற்கிறது. இஸ்ரேலில் பி.டி.எஸ்.டி. உள்ள ஆறு ராணுவ வீரர்கள் குழுவாக முரசு அடித்ததைப் பற்றி 2008இல் வந்த ஆய்வு, கோபத்துக்கு ஒரு வடிகாலும் மற்றவர்களோடு ஒட்டும் உணர்வும் கிடைத்ததைப் பதிவு செய்கிறது. தனிமையில் உறைந்தவருக்குச் சேர்ந்து தாளம் போடுவது உடனே பிடித்துப்போகும். குண்டுச் சத்தத்தோடு வாழ்ந்தவருக்கு அதே முரசு சிக்கல். கோல் அவர் கையிலேயே இருக்கும்போது பயம் கொஞ்சம் குறையும்.

நாடகத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நடந்ததை மேடையில் மறுபடி நடித்து முடிவை மாற்றுவது, கேட்கக் கவர்ச்சியாக இருக்கும். என் அளவுகோலில் தூரம் மிகக் குறைவு. தேர்ந்த ஆள் நடத்தினால், பாதிக்கப்பட்டவர் ஓரளவு நிலைப்பட்ட பிறகு, சரி. முதல் படியாக வேண்டவே வேண்டாம்.

எழுத்து மலிவானது, காகிதமும் பேனாவும் போதும். அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கரின் 1986 ஆய்வில் மாணவர்கள் நான்கு நாள் தொடர்ந்து தினம் 15 நிமிடம், மனதைக் குடைந்த அனுபவத்தை எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனநிலை மோசமானது. அடுத்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குப் போவது குறைந்தது. அந்த முதல் பாதியை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை. சம்பவம் நடந்து சில நாள்களே ஆனவரிடம் நோட்டைக் கொடுத்து "கொட்டிவிடு" என்பது கருணை போலத் தெரியும். பக்கத்தில் யாரும் இல்லாத இரவில் அவர் அதை எழுதுவார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

அப்புறம், இந்தப் போட்டியில் ஓரமாக நிற்கும் பெரிய ஆள் ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2013இல் பி.டி.எஸ்.டி.க்குப் பரிந்துரைத்தவற்றில் முக்கியமானவை, உளக்காயத்தை மையமாகக் கொண்ட சி.பி.டி.யும் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) இ.எம்.டி.ஆரும் (கண்ணை அசைத்தபடி நினைவைக் கையாளும் சிகிச்சை). கலைவழிகளுக்கு அந்த அளவு ஆதாரம் இன்னும் சேரவில்லை. ஆய்வுகள் பல சிறியவை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி நடத்தப்பட்டவை. எனவே சி.பி.டி.யோ இ.எம்.டி.ஆரோ கிடைக்கிற இடத்தில், அவற்றை விட்டுவிட்டு நடனம் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேச்சு சிகிச்சைக்குள் நுழையவே முடியாதவருக்கும், பாதியில் விட்டு ஓடியவருக்கும், சொல் இன்னும் முளைக்காத குழந்தைக்கும் கலை முன்வாசல்.

என் வரிசை இப்படி இருக்கும். நினைவு வெள்ளமாக அடித்துத் தூங்க விடாதவருக்கு முதலில் ஓவியம். ஒன்றுமே உணராமல் மரத்துப்போனவருக்கு மெதுவான யோகா, பிறகு அசைவு. ஆள்களை விட்டு ஒதுங்கியவருக்குக் குழு இசை. சேருமுன் நடத்துபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "பாதியில் ஒருவர் உறைந்துபோனால் என்ன செய்வீர்கள்?" தெளிவாக, நிதானமாகப் பதில் சொன்னால் உள்ளே போகலாம். "அதெல்லாம் அழுது வெளியே வந்தால் சரியாகிவிடும்" என்றால், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.