பாட்டு ஓடுதுன்னு நம்பி 4-டிராக் கேசட் ரெக்கார்டர் வாங்கிடாதீங்க, நான் வாங்கி மாட்டிக்கிட்டேன்

நேத்து ஒரு தம்பி வாட்ஸ்அப்ல வீடியோ ஒண்ணு அனுப்பி "அண்ணே இந்த போர்ட்டாஸ்டூடியோ வாங்கலாமா, 40,000 சொல்றாரு"ன்னு கேட்டான். தொறந்து பாத்தா ஆறு மாசம் முன்னாடி எனக்கு வந்த அதே வீடியோ. அதுல இருக்கிற மிஷின் இப்ப என் டேபிள் மேல உக்காந்திருக்கு, வீடியோ மட்டும் இன்னும் ஊர் சுத்திட்டு இருக்கு. அதான் எழுதுறேன். ஆள் பேரு வேண்டாம், வெளியூர்ல பழைய ஆடியோ சாமான் விக்கிறவர்.

மிஷின் டாஸ்காம் 424, போர்ட்டாஸ்டூடியோன்னு சொல்ற 4-டிராக் கேசட் ரெக்கார்டர். தெரியாதவங்களுக்கு, சாதா கேசட்லயே நாலு டிராக் தனித்தனியா பதியலாம், மொதல்ல கிட்டார், அத கேட்டுக்கிட்டே மேல குரல், அதுக்கு மேல கஞ்சிரா, அப்புறம் நாலையும் மிக்ஸ் பண்ணிக்கலாம். 1979ல டியாக் (டாஸ்காமோட தாய் கம்பெனி) கொண்டு வந்த 144தான் இந்த வகையில மொத மிஷின். லேப்டாப்ல எல்லாம் வருமேன்னு கேப்பீங்க, வரும்தான், எனக்கு டேப்ல பண்ணணும்னு ஆசை, ஆசைக்கு மருந்து ஏது.

வீடியோல என்ன இருந்துச்சுன்னா, பழைய ராஜா சார் கேசட் ஒண்ணு போட்டு ப்ளே அமுக்குறாரு, சும்மா அருவி மாதிரி கொட்டுது. "ஜப்பான் பீஸ் ப்ரோ, ஃபுல் சர்வீஸ் பண்ணது." நானும் 38,000 ஜிபே பண்ணிட்டேன், பில் கேக்கல, கேட்டிருந்தாலும் குடுத்திருக்க மாட்டாரு.

இப்ப விஷயத்துக்கு வரேன். சாதா கேசட்ல டேப்போட ஒரு பாதி அகலத்துல ஏ சைடு, மறு பாதில பி சைடு. 4-டிராக் மிஷின் முழு அகலத்தையும் ஒரே தடவைல படிக்கும். அதனால கடைல வாங்கின பாட்டு கேசட்ட போட்டா 1, 2ல ஏ சைடு பாட்டு வரும், 3, 4ல பி சைடு பாட்டு தலைகீழா ஓடும். அதுக்காக எல்லாருமே 3, 4 ஃபேடர (சத்தம் கூட்டிக் குறைக்கிற ஸ்லைடர்) கீழ இறக்கித்தான் போட்டுக் காட்டுவாங்க, அதுல தப்பே இல்ல, அந்த வீடியோலயும் ரெண்டும் கீழதான் இருந்துச்சு. ஆனா அப்படி காட்டுனா பாதி மிஷினத்தான் பாத்திருக்கோம்னு எனக்கு அப்ப உறைக்கவே இல்ல!

பார்சல் வந்த அன்னிக்கு ராத்திரி அதே மாதிரி ஒரு பாட்டு கேசட்ட போட்டு 3, 4 ஃபேடர மெதுவா ஏத்துனேன். 4ல கிணத்துக்குள்ள இருந்து யாரோ பேசுற மாதிரி மொண்ணையா தலைகீழா ஒரு சத்தம். 3ல வெறும் உஸ்ஸுதான். சரி காலி கேசட் போட்டு 3ல பதிஞ்சு பாப்போம்னா ரெக்கார்ட் லைட் அழகா எரியுது, டேப்ல ஒண்ணும் ஏறல.

டிபிஎக்ஸ் போட்டா இன்னும் மோசம். அது பதியும்போது சத்தத்த அமுக்கி, ப்ளே பண்றப்ப விரிச்சு குடுக்குற நாய்ஸ் ரிடக்ஷன், விரிக்கிறப்ப ஹெட்டோட (டேப்ப படிக்கிற பாகம்) குறையும் ரெண்டு மடங்காயிடும், 3 டெசிபல் குறைஞ்சா 6 குறையும். கிட்டார் கம்பிய மீட்டி விட்டா சத்தம் அடங்குறப்ப மூச்சு வாங்குற மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்துச்சு.

கூட "புது டைப் 2 கேசட்"னு அஞ்சு குடுத்து 2,500 தனியா வாங்கினாரு. டைப் 2ன்னா குரோம் கேசட், மேல் விளிம்புல, அழிபடாம இருக்க உடைப்போமே அந்த காதுக்கு பக்கத்துலயே, இன்னொரு பள்ளம் இருக்கும். இதுல இல்ல. உறைதான் குரோம், உள்ள சாதா டைப் 1. இந்த மிஷின் டைப் 2க்குத்தான் செட் பண்ணது.

அடாப்டர் கதை தனி. ஜப்பான் சாமான், 100 வோல்ட். நம்ம 230ல நேரா சொருகியிருந்தா புகைதான், ஏதோ நல்ல நேரம் கீழ இருந்த பொடி எழுத்த படிச்சேன். வோல்ட்ட குறைக்கிற ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேணும்னு அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல.

ரிச்சி தெருவுல தெரிஞ்ச மெக்கானிக் அண்ணன்கிட்ட தூக்கிட்டு போனேன். தொறந்து டார்ச் அடிச்சுட்டு "நகத்தால லேசா தடவிப் பாருங்க தம்பி"ன்னாரு. ஹெட்ல டேப் ஓடின தடம் படிக்கட்டு மாதிரி நகத்துல தட்டுது. 3ஆவது டிராக்குக்கு போர்டுலயும் கோளாறாம். சர்வீஸ்னு பண்ணது நாப்ல ஸ்ப்ரே அடிச்சது மட்டும்தான், பெல்ட் தொட்டா விரல்ல கருப்பா ஒட்டுது. வேற செத்த மிஷின்ல இருந்து ஹெட் கழட்டினாத்தான் உண்டுங்கிறாரு.

வித்தவர்கிட்ட கேட்டா "டெமோ பாத்துதானே ப்ரோ வாங்குனீங்க, விண்டேஜ்னா அப்படித்தான் இருக்கும்." ரெண்டு தடவ ஃபோன் பண்ணேன், அப்புறம் பிளாக்.

தம்பிகிட்ட சொல்லிட்டேன், நேர்ல போறதா இருந்தா போ, ஹெட்ஃபோனும் நல்ல டைப் 2 கேசட் ஒண்ணும் கைல எடுத்துட்டுப் போ, ஃபோன்ல ஒரு டோன் ஓட்டி நாலு டிராக்லயும் ஒவ்வொண்ணா பதிஞ்சு திருப்பிக் கேளு, எல்லா ஸ்பீடுலயும் கேளு. கேசட்ட கணக்கு பண்ணி வாங்கு, 60 நிமிஷ கேசட் ஹை ஸ்பீடுல 15 நிமிஷத்துல முடிஞ்சிரும், திருப்பிப் போட முடியாது. 120 பக்கம் போகாத, டேப் மெலிசு, சுத்திக்கும். அவன் "வீடியோ கால்ல காட்டுறேங்கிறாரே அண்ணே"ங்கிறான். காட்டட்டும், 3ல பதிஞ்சு காட்டச் சொல்லு.