கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்ட்டை யார் கையிலும் கொடுத்துவிடாதீர்கள்

பொறியியல் கவுன்சிலிங்குக்குப் பிள்ளைகளைத் தயார்செய்கிறவர்கள் இதைப் படித்துவிடுங்கள். போன வருடம் எங்கள் வீட்டில் நடந்தது. சாய்ஸ் லிஸ்ட் என்பது, வேண்டிய கல்லூரியையும் பாடப்பிரிவையும் விருப்ப வரிசையில் போட்டுக் கொடுக்கும் பட்டியல்.

என் மகள் பிளஸ் டூவில் கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 90. கணிதத்தை அப்படியே வைத்து மற்ற இரண்டையும் பாதியாக்கிக் கூட்டினால் 200-க்கு 181 கட்-ஆஃப். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு இது பத்தாது என்று அவளுக்கே தெரியும். அண்ணா பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலி வளாகத்தில் சிவில் கிடைத்தால் போதும் என்றிருந்தாள். கிடைக்குமா என்ற ஒரு கேள்விக்காகத்தான் எங்கள் ஊரில் கவுன்சிலிங் வழிகாட்டி என்று போர்டு வைத்திருந்தவரிடம் போனோம். 6,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

முந்தைய வருட கட்-ஆஃப் பட்டியலை மேசையில் விரித்து, ஸ்கேல் வைத்து வரி வரியாக இறங்கி, பி.சி. கட்டத்தில் சிவப்புப் பேனாவால் சுழித்தார். "அக்கா, இந்த வருஷம் எல்லாரும் மார்க் அள்ளியிருக்காங்க. நெல்லைக்குச் சான்ஸே இல்லை. கிடைக்காததை மேலே போட்டா, கிடைக்கிற சீட்டும் கைவிட்டுப் போயிடும்."

இரண்டுமே எங்களை ஏமாற்றிய பேச்சு. மார்க் கூடியிருந்தால் பார்க்க வேண்டியது மார்க்கை அல்ல, ரேங்கை. அதே 181-க்கு ஒரு வருடம் ஒரு ரேங்க் வரும், அடுத்த வருடம் வேறு ரேங்க் வரும். ரேங்க் பட்டியல் வந்த பிறகு, அந்தக் கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவு நம் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கு முந்தைய வருடம் எந்த ரேங்கில் முடிந்தது என்று வைத்துப் பார்க்க வேண்டும். அவர் ரேங்க் வரும்வரை காத்திருக்கவே இல்லை.

லிஸ்ட் விஷயம் அதைவிட மோசம். கவுன்சிலிங்கில் நம் பட்டியலை மேலிருந்து கீழாகத்தான் பார்ப்பார்கள். முதல் சாய்ஸில் இடம் இல்லையா, இரண்டாவது. அதுவும் இல்லையா, மூன்றாவது. மேலே கிடைக்காததை ஐம்பது போட்டாலும் கீழே இருப்பதற்கு ஒரு குறையும் வராது. எங்களுக்கு அவர் போட்டது மொத்தமே ஒன்பது சாய்ஸ். முதல் மூன்றும் ஒரே தனியார் கல்லூரி. மகள் அழுது கேட்டதற்காக நெல்லையை ஏழாவதாகச் சேர்த்தார். பதிவு செய்தபோது அவருடைய செல் நம்பரைக் கொடுத்திருந்ததால் ஓ.டி.பி. எல்லாம் அவருக்கே போனது. நாங்கள் உள்ளே போய் மாற்றவும் வழியில்லை.

முதல் சாய்ஸே ஒதுக்கீடாக வந்தது. "வாழ்த்துகள் அக்கா, நினைச்ச மாதிரியே கிடைச்சிருச்சு" என்று அவரே போன் செய்தார். ஏற்றுக்கொண்டு அப்வேர்டுக்குக் காத்திருக்கலாமே என்று என் தம்பி கேட்டான். அப்வேர்டில் நமக்கு ஒதுக்கியதற்கு மேலே நாம் எழுதியிருக்கும் சாய்ஸுக்குத்தான் போக முடியும். முதலாவதற்கு மேலே என்ன இருக்கிறது? வேண்டாம் என்று எழுதி அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்றோம். "அப்புறம் தெருவில்தான் நிற்கணும்" என்று பயமுறுத்தினார். பயந்துபோய் ஒப்புக்கொண்டோம். அந்தப் பயத்துக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சுற்று முடிந்து விவரம் வெளியானபோது மகளே உட்கார்ந்து பார்த்தாள். நெல்லை சிவிலில் பி.சி.க்குக் கடைசியாகப் போன ரேங்க் அவளுடையதைவிட வெகு பின்னால் இருந்தது. ஒன்றும் பேசாமல் எழுந்து போய்ப் படுத்துவிட்டாள். பணத்தைத் திருப்பிக் கேட்டேன். என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசு உதவி மையம் இருக்கிறது. பதிவுக் கட்டணம் தவிர அங்கே உதவிக்கு ஒரு பைசா கிடையாது. எங்களுக்கு அதுகூடத் தெரியவில்லை. இந்த வருடம் என் அண்ணன் மகனுக்கு அங்கேதான் பதிவு செய்தோம், அவனுடைய சொந்த நம்பரில். சாய்ஸ் லிஸ்ட்டை என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக்கொடுத்தாள். 84 சாய்ஸ். ஆசைப்பட்டது எல்லாம் மேலே.