வட்ட மிதியடிக்குப் பழைய டீ-ஷர்ட்டா, சணல் கயிறா?

குளியலறை வாசலுக்கு என்றால் என் ஓட்டு டீ-ஷர்ட்டுக்குத்தான். சணலுக்கு வேலூர் லாங் பஜார் கடைத்தெருவுக்குப் போக வேண்டும், இது அலமாரியிலேயே இருக்கிறது. பருத்தி பனியன் துணியைக் குறுக்குவாட்டில் 2 செ.மீ. அகலத்துக்கு வெட்டி இழுத்தால், ஓரம் தானாகச் சுருண்டு உருண்டை நூலாகிவிடும். பின்ன 10 மி.மீ. குரோஷே ஊசி (முனையில் கொக்கி உள்ளது) போதும். 6 கண்ணில் (பின்னல் வளையத்தில்) தொடங்கி, சுற்றுக்கு 6 கண் கூட்டினால் வட்டம் தட்டையாக நிற்கும். குறைந்தால் கிண்ணமாகக் குவியும், கூடினால் ஓரம் அலையலையாகும். கனமானது, காய நேரமாகும்தான். வேலூர் சித்திரை வெயிலில் அது பிரச்சினையே இல்லை, ஐப்பசி மழையில்தான் கஷ்டம்.

சணல் விரலை உறுத்தும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஆனால் வெங்காயக் கூடைக்கு அதுதான் சரி, விறைப்பாக நிற்கும். அப்புறம், சூடான தோசைக்கல் வைக்கும் வட்டத்துக்குப் பாலியஸ்டர் டீ-ஷர்ட் வேண்டவே வேண்டாம், இளகி ஒட்டிக்கொள்ளும்.