குரல்நாண் அறுவைக்குப் பிறகு: மௌனமா, ஹம்மிங்கா, ஸ்ட்ராவா?

குரல்நாணில் இருந்த முடிச்சையோ பாலிப்பையோ (சிறு சதை வளர்ச்சி) எடுத்துவிட்டு எம்சியோடு (மருத்துவ விடுப்புச் சான்று) வீடு திரும்பும் தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். ஒரு மாதம் வாயே திறக்காதே என்பார் ஒருவர். ‘ம்ம்ம்’ என்று ஹம்மிங் செய் என்பார் இன்னொருவர். பேச்சு சிகிச்சையாளர் பெரும்பாலும் ஒரு ஸ்ட்ராவையும் தண்ணீர்ப் போத்தலையும் கையில் கொடுத்து, ஸ்ட்ரா நுனியைத் தண்ணீரில் அமிழ்த்தி அதன் வழியே ஒலி எழுப்பிக் குமிழி விடச் சொல்வார். என் ஓட்டு அந்த ஸ்ட்ராவுக்குத்தான்.

மௌனத்தில் பெரிய விவாதம் இல்லை. நாணின் மேல்தோல் மூடும்வரை, பொதுவாக 3 முதல் 7 நாள், பேசாமல் இருக்கத்தான் வேண்டும். எத்தனை நாள் என்பது உங்களை அறுத்த மருத்துவரின் முடிவு. கிசுகிசுப்பது மௌனத்தில் சேராது, பலர் அப்போதுதான் தொண்டையை அதிகம் இறுக்குகிறார்கள். கனைப்பது அதைவிட மோசம், இரண்டு நாண்களும் அறைந்துகொள்ளும். கனைக்கத் தோன்றினால் ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். ஆனால் மௌனத்தை நீட்டினால் நன்மையும் நீளும் என்பது தப்புக் கணக்கு. 2017இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று 3 நாள் மௌனத்தையும் 7 நாள் மௌனத்தையும் ஒப்பிட்டது. இரு தரப்புக்கும் பிறகு குரல் சிகிச்சை தரப்பட்டது. நன்றாக ஆறியது 3 நாள்காரர்களுக்கு. ஆறும் திசுவுக்கு மிதமான அதிர்வு உதவுவதாகத் தெரிகிறது.

அந்த மிதமான அதிர்வை எப்படிக் கொடுப்பது என்பதில்தான் ஹம்மிங்கும் ஸ்ட்ராவும் மோதுகின்றன. இரண்டுக்கும் அடிப்படை ஒன்று: வாயை ஓரளவு அடைத்துக்கொண்டு ஒலி எழுப்பினால் பின்னழுத்தம் உருவாகி நாண்களைச் சற்றே விலக்கி வைக்கும், அவை பலமாக மோதாமல் அதிரும். ஹம்மிங்குக்கு எந்தச் சாமானும் வேண்டாம், எல்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே செய்யலாம். அது நிஜமான வசதி.

ஆனால் எனக்கு முக்கியமான கேள்வி வேறு: தப்பாகச் செய்தால் அந்த நிமிடமே தெரியுமா? அரசு மருத்துவமனையில் ஒரு சந்திப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே வாரங்கள் ஓடிவிடலாம். அந்த இடைவெளியில் வீட்டில் திருத்த ஆளில்லை. ஹம்மிங்கில் மூக்கு, உதட்டருகே அதிர்வு தெரிய வேண்டும். தொண்டையை இறுக்கிச் செய்தாலும் ‘ம்ம்ம்’ வரும், காதுக்கு அது சரியாகவே கேட்கும். புதிதாகப் பழகுபவருக்கு வித்தியாசம் பிடிபடாது.

தண்ணீர் அப்படி ஏமாறாது. ஸ்ட்ரா நுனி 2 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்தால், குமிழி வர அந்த 2 சென்டிமீட்டர் நீர் அழுத்தத்தைத் தாண்டி மூச்சு ஓடியாக வேண்டும். தொண்டையை இறுக்கினால் ஒலி இருக்கும், குமிழி நின்றுவிடும் அல்லது விட்டுவிட்டு வரும். காற்று வீணானால் குமிழி கொப்பளிக்கும், ஒலி தேய்ந்துவிடும். குமிழியும் ஒலியும் சீராகச் சேர்ந்து வந்தால் சரி.

அரை லிட்டர் போத்தலில் பாதி தண்ணீர். போத்தல் வாயை உதட்டால் மூடாதீர்கள், காற்று வெளியேற வழி வேண்டும். முதலில் ஒலியில்லாமல் ஐந்து முறை குமிழி விடுங்கள். பிறகு வசதியான சுருதியில் ‘ஊ’, ஐந்து ஐந்து விநாடியாகப் பத்து முறை. கன்னமும் உதடும் அதிர வேண்டும், தோள் உயரக் கூடாது. அது பழகியபின் ‘ஊ’வைச் சற்றே ஏற்றி இறக்குங்கள். ஒரு தடவைக்கு மூன்று நிமிடம், நாளுக்கு நாலைந்து தடவை போதும். செய்தபின் குரல் முன்பைவிடக் கரகரத்தால் ஆழத்தையும் நேரத்தையும் குறையுங்கள். ஆழமாக ஊதினால் சீக்கிரம் தேறும் என்று ஆரம்பத்திலேயே 10 சென்டிமீட்டருக்குப் போவதுதான் வழக்கமான தவறு.

காகித ஸ்ட்ரா கொஞ்ச நேரத்தில் நசநசத்துவிடும். பபிள் டீ அளவுக்கு அகலமான சிலிக்கான் ஸ்ட்ரா வாங்குங்கள். குறுகலானதில் தடை கூடிவிடும். ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றுங்கள்.

ஹம்மிங்கை நான் ஒதுக்கவில்லை, பேச்சுக்குத் தாவும்போது அது கைகொடுக்கும். ‘மாமா’, ‘மணி’, ‘நானும் வரேன்’ போல ம, ந, வ-வில் தொடங்கும் சொற்களை முதலில் பேசுங்கள். பேச்சுத் தமிழ் இங்கே நமக்குத் துணை. ‘எங்கே’ என்பதை ‘யெங்கே’ என்றும் ‘ஒண்ணு’ என்பதை ‘வொண்ணு’ என்றும் சொல்கிறோம், அந்த ய, வ நாண்களை மெத்தென்று சேர்த்துவிடும். முன்னால் ய, வ வராத ‘அடேய்’, ‘ஆமா’ இரண்டிலும்தான் நாண்கள் வெடுக்கென்று மோதும். வகுப்பில் எது அதிகம் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் முடிச்சு, பாலிப், நீர்க்கட்டி எடுத்தவர்களுக்கு. நாண் முடங்கியவருக்கும் புற்றுநோய்க்காக அறுத்தவருக்கும் ஆழம், நேரம், நோக்கம் எல்லாமே மாறும். அதைச் சிகிச்சையாளரே வகுக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்தாலும் எச்சிலில் இரத்தம் கண்டாலும் போத்தலை வைத்துவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

வகுப்புக்குத் திரும்பும் முதல் நாளே இடுப்பில் கட்டும் சின்ன ஒலிபெருக்கியை எடுத்துப் போங்கள், கடைசி வரிசைப் பையனை அது கூப்பிடட்டும்.